மொத்த முதலீடும் மாதச் சேமிப்பும் சேர்ந்தால் முதிர்வுத் தொகை எவ்வளவு? நான்கு விதமாகப் போட்டால் நான்கு விடை வருகிறது

கேள்வி

வணக்கம். 1,00,000 மொத்தமாக முதலீடு செய்துவிட்டு, அதோடு மாதம் 2,000 வீதம் 10 ஆண்டு சேர்த்துக்கொண்டே போவதாகத் திட்டம். வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம், கூட்டு வட்டி. 10 ஆண்டு முடிவில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்க, இணையத்தில் மூன்று கணிப்பான்களில் இதே எண்களைக் கொடுத்தேன். ஒன்று 5,90,295 என்கிறது, இன்னொன்று 5,87,856, மூன்றாவது 5,78,459.

கையால் போட்டால் இவை எதனோடும் ஒட்டவில்லை. மொத்தம் போடுவது 1,00,000 + 2,40,000 = 3,40,000. அதை 1.08-இன் பத்தாம் அடுக்கால் பெருக்கினால் 7,34,034 வருகிறது.

எது சரி? வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? விடையை மட்டும் சொல்லாமல், அடுத்த முறை வேறு எண்களுக்கு நானே போடும்படி வழியைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

மூன்று கணிப்பான்களும் கணக்கில் தவறவில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இரண்டு விவரங்களை ஒவ்வொன்றும் தானாக ஒரு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று, "ஆண்டுக்கு 8 சதவீதம்" என்பதன் பொருள் என்ன, வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது என்பது. மற்றது, 2,000 மாதத் தொடக்கத்தில் போகிறதா மாதக் கடைசியில் போகிறதா என்பது. 7,34,034 மட்டும் எந்தப் பொருளிலும் சரியாகாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மொத்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதிர்வு = அசல் × (1 + வ)^ந

இதில் வ என்பது ஒரு வட்டிக்காலத்துக்கான விகிதம், ந என்பது வட்டிக்காலங்களின் எண்ணிக்கை, ^ என்பது அடுக்கைக் காட்டும் குறி. இரண்டும் ஒரே அளவுகோலில் இருந்தாக வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேர்ந்தால் வ = 0.08/12, ந = 120. காலாண்டுக்கு ஒருமுறை என்றால் வ = 0.02, ந = 40. விகிதத்தை மாதத்துக்கு மாற்றிவிட்டு ந-வை 10 என்றே விட்டுவிடுவதும், ந-வை 120 ஆக்கிவிட்டு விகிதத்தை 8 சதவீதமாகவே வைத்திருப்பதும்தான் அதிகம் நடக்கும் பிழைகள். முதல் பிழையில் 10 ஆண்டுக்குப் பதில் 10 மாத வட்டிதான் வரும். இரண்டாவதில் 120 ஆண்டு வட்டி வந்து, விடை நம்பமுடியாத அளவுக்குப் போய் நிற்கும்.

1,00,000-க்கு 8 சதவீதம், 10 ஆண்டு:

தனி வட்டி: 1,80,000
ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால்: 2,15,892.50
அரையாண்டுக்கு ஒருமுறை: 2,19,112.31
காலாண்டுக்கு ஒருமுறை: 2,20,803.97
மாதம் ஒருமுறை: 2,21,964.02
நாள்தோறும்: சுமார் 2,22,535

ஆண்டிலிருந்து அரையாண்டுக்கு மாறும்போது 3,220 கூடுகிறது. மாதத்திலிருந்து நாளுக்கு மாறினாலோ 570 அளவுதான். நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2,22,554-ஐத் தாண்டாது. e என்ற கணித மாறிலியின் (சுமார் 2.718) 0.8-ஆம் அடுக்கைக் கொண்டு வரும் எல்லை அது. ஆகவே "நாள்தோறும் வட்டி சேரும்" என்ற விளம்பர வாசகத்துக்காக, மாதம் ஒருமுறை சேரும் திட்டத்தை விட்டு 0.1 சதவீதம் குறைந்த விகிதத்தை ஏற்றுக்கொள்வது நட்டம்தான்.

இப்போது மாதத் தவணை. ஒவ்வொரு 2,000-க்கும் வட்டி சேரும் காலம் வேறு. முதல் 2,000-க்கு 120 மாதம், கடைசி 2,000-க்கு ஒரே மாதம். நீங்கள் கையால் போட்டதில் 2,40,000 முழுவதும் முதல் நாளே உள்ளே வந்துவிட்டதாக ஆகிவிட்டது. பத்தாம் ஆண்டில் போடப்போகும் பணத்துக்குக்கூட 10 ஆண்டு வட்டி கொடுத்ததால்தான் 7,34,034 வந்தது. ஒவ்வொரு தவணையையும் தனித்தனியாக வளர்த்துக் கூட்ட வேண்டும். அது பெருக்குத் தொடர் என்பதால் சுருங்கிய வடிவம் உண்டு:

மாதக் கடைசியில் போட்டால்: தவணை × ((1 + வ)^ந − 1) / வ
மாதத் தொடக்கத்தில் போட்டால்: மேலே வந்ததை (1 + வ)-ஆல் பெருக்கவும்

உங்கள் எண்களில் (1 + 0.08/12)^120 = 2.219640. அதிலிருந்து 1-ஐக் கழித்து 0.08/12-ஆல் வகுத்தால் 182.946. அதை 2,000-ஆல் பெருக்க 3,65,892.07. தொடக்கத்தில் போடுவதானால் 3,68,331.35.

இனி கூட்டிப் பாருங்கள். 2,21,964.02 + 3,68,331.35 = 5,90,295. முதல் கணிப்பான் இதைத்தான் சொன்னது: மாத வட்டி, தொடக்கத்தில் தவணை. 2,21,964.02 + 3,65,892.07 = 5,87,856. இது இரண்டாவது: மாத வட்டி, கடைசியில் தவணை. மூன்றாவது வேறு தினுசு. அது 8 சதவீதத்தை ஆண்டு முடிவில் உண்மையாகக் கையில் கிடைக்கும் வளர்ச்சியாக எடுத்துக்கொண்டு, மாத விகிதத்தை 1.08-இன் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து கண்டிருக்கிறது. அது 0.6434 சதவீதம், 8-ஐ 12-ஆல் வகுத்த 0.6667 சதவீதம் அல்ல. அந்த விகிதத்தில், தொடக்கத்தில் போடும் தவணைப் பகுதி 3,62,566, மொத்தத் தொகைப் பகுதி 2,15,892.50, ஆக 5,78,459.

பதில் 2

மேலே சொன்ன கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

விகிதத்தில் இரண்டு வகை. அறிவிக்கப்படும் விகிதம், அதாவது பெயரளவு விகிதம் ஒன்று. ஓர் ஆண்டு முடிவில் உண்மையில் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் பயனுறு விகிதம் மற்றது. பெயரளவு 8 சதவீதம் காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் பயனுறு விகிதம் 1.02^4 − 1 = 8.243 சதவீதம். மாதம் ஒருமுறை சேர்ந்தால் 8.30. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது பயனுறு விகிதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 8.1 சதவீதம் ஆண்டுக்கு ஒருமுறை சேரும் திட்டத்தைவிட, 8 சதவீதம் காலாண்டுக்கு ஒருமுறை சேரும் திட்டம் அதிகம் தரும்.

பெயரளவு விகிதமென்றால் வகுக்க வேண்டும், பயனுறு விகிதமென்றால் மூலம் எடுக்க வேண்டும். சந்தை சார்ந்த முதலீடுகளில் சொல்லப்படும் "ஆண்டுக் கூட்டு வளர்ச்சி" பயனுறு வகை. அதை 12-ஆல் வகுத்தால் எதிர்பார்ப்பு ஊதிவிடும். உங்கள் மூன்றாவது கணிப்பான் அப்படிப்பட்ட முதலீட்டுக்காக எழுதப்பட்டதாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி. திட்டத்தின் விதிகளை எடுத்துப் பார்த்தேன். "ஆண்டுக்கு 8 சதவீதம், வட்டி காலாண்டுக்கு ஒருமுறை சேர்க்கப்படும், தவணை மாதத் தொடக்கத்தில்" என்று இருக்கிறது. அப்படியானால் தவணை மாதத்துக்கு, வட்டி காலாண்டுக்கு. வ, ந இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்றீர்களே, இதில் எதை எடுப்பது? விரிதாளில் போடுவதாக இருந்தால் எப்படி என்றும் சொல்லுங்கள்.

பதில் 1

அப்படியானால் அந்த மூன்று விடைகளுமே உங்களுக்குப் பொருந்தாது. சூத்திரத்தில் அளவுகோல் எப்போதும் தவணையின் கால இடைவெளிதான். தவணை மாதத்துக்கு என்றால் விகிதத்தையும் மாதத்துக்குக் கொண்டுவாருங்கள். காலாண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால், அதற்குச் சமமான மாத விகிதம் 1.02-இன் மூன்றாம் மூலத்திலிருந்து 1-ஐக் கழித்தது: 0.0066227. இதை வ-ஆகவும் 120-ஐ ந-ஆகவும் வைத்தால் தவணைப் பகுதி தொடக்கத்தில் 3,67,233. மொத்தத் தொகைப் பகுதி 2,20,804. ஆக 5,88,037.

ஆனால் காலாண்டின் நடுவில் வரும் பணத்துக்குப் பல நிறுவனங்கள் தனி வட்டி கணக்கிட்டு, காலாண்டு முடிவில்தான் அசலோடு சேர்க்கும். அப்படியானால் ஒரு காலாண்டின் மூன்று தவணைகளுக்கு முறையே 3, 2, 1 மாத வட்டி. மொத்தம் 6 மாதத் தனி வட்டி, அதாவது 2,000 × 0.04 = 80. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் 6,080 வந்து சேர்வதாக வைத்து, வ = 0.02, ந = 40 என்று போட்டால் 6,080 × 60.40198 = 3,67,244. மொத்தம் 5,88,048. இரண்டு முறைக்கும் வித்தியாசம் சுமார் 11. பத்தாண்டுக்கு இது பெரிதல்ல. ஆனால் நிறுவனம் தரும் அட்டவணையோடு உங்கள் கணக்கு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகவில்லையே என்று திகைக்காமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

பதில் 3

விரிதாளைப் பற்றி. எல்லா விரிதாள் மென்பொருள்களிலும் எஃப்வி (FV) என்ற செயல்பாடு இருக்கிறது. உள்ளே ஐந்து மதிப்புகள், இந்த வரிசையில்: ஒரு காலத்துக்கான விகிதம், காலங்களின் எண்ணிக்கை, தவணை, இன்றைய மொத்தத் தொகை, வகை. வகை 0 என்றால் தவணை காலக் கடைசியில், 1 என்றால் தொடக்கத்தில். ஐந்தாவதை எழுதாமல் விட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் போடுபவர்களுக்கு விடை குறைந்து வருவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

மாத வட்டிக்கு:
=FV(8%/12, 120, -2000, -100000, 1)
விடை 5,90,295.

உங்கள் காலாண்டு விதிக்கு:
=FV(1.02^(1/3)-1, 120, -2000, -100000, 1)
விடை 5,88,037.

கழித்தல் குறியைக் கவனியுங்கள். உங்களிடமிருந்து வெளியே போகும் பணம் கழித்தல், உங்களிடம் திரும்பி வருவது கூட்டல். தவணை, மொத்தத் தொகை இரண்டுக்கும் ஒரே குறி வேண்டும். மாத வட்டிக் கணக்கில் மொத்தத் தொகைக்கு மட்டும் கழித்தல் போட்டு, தவணையைக் குறியில்லாமல் விட்டால் −1,46,367 என்று வரும். மாதாமாதம் 2,000 நீங்கள் எடுத்துக்கொண்டே போகிறீர்கள் என்று செயல்பாடு புரிந்துகொள்கிறது. இரண்டிலும் குறியை விட்டால் எண் சரியாக வரும், ஆனால் கழித்தலில் வரும்.

விகிதத்தை 8%/12 என்று எழுத வேண்டும். 8/12 என்று எழுதினால் மாதத்துக்கு 66.67 சதவீதம் ஆகிவிடும். அதேபோல் 1+0.08/12^120 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அடுக்கு முதலில் 12-க்குப் போய்விடும்; விடை 1 என்றே வரும். (1+0.08/12)^120 என்பதே சரி.

இன்னொன்று, இடையில் சுற்றாதீர்கள். 0.08/12 என்பது 0.0066666… என்று போய்க்கொண்டே இருக்கும். அதை 0.0067 என்று சுற்றி 120-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 1,00,000-க்கு 2,22,848 வருகிறது. சரியான விடையைவிட 884 அதிகம், நாள்தோறும் வட்டி சேர்ந்தால் வருவதையும் தாண்டிவிடுகிறது. சுற்றுவதாக இருந்தால் கடைசி விடையில் மட்டும்.

போட்டது சரியா என்று பார்க்க முதல் மூன்று மாதத்தை வரிவரியாக எழுதுங்கள். 1,02,000-க்கு வட்டி 680, ஆக 1,02,680. அதோடு 2,000, வட்டி 697.87; ஆக 1,05,377.87. மறுபடி 2,000, வட்டி 715.85, ஆக 1,08,093.72. எஃப்வி-யில் 120-க்குப் பதில் 3 என்று போட்டால் இதே எண் வர வேண்டும். வந்தால் குறி, வகை, விகிதம் மூன்றும் சரி.

பதில் 2

அடுக்குப் பொத்தான் இல்லாத சாதாரணக் கணிப்பான்தான் கையில் இருக்கிறது என்றால் 40 முறை பெருக்க வேண்டாம். வர்க்கம் எடுத்துக்கொண்டே போகலாம். 1.02-இன் வர்க்கம் 1.0404. அதன் வர்க்கம் 1.08243216, இது 4-ஆம் அடுக்கு. அடுத்து 8-ஆம் அடுக்கு 1.17165938, 16-ஆம் அடுக்கு 1.37278571, 32-ஆம் அடுக்கு 1.88454059. 40 = 32 + 8 என்பதால் கடைசி எண்ணை 8-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2.2080397. மொத்தம் ஆறே பெருக்கல்.

மனக்கணக்குக்கு 72 விதி போதும்: 72-ஐ விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள். 8 சதவீதத்தில் 9 ஆண்டு. துல்லியமாகப் போட்டாலும் 9.006. ஆனால் விகிதம் 8-ஐ விட்டு விலக விலக விதி பிசகும். 2 சதவீதத்துக்கு அது 36 என்கிறது, உண்மை 35. 20 சதவீதத்துக்கு 3.6 என்கிறது, உண்மை 3.8. கணிப்பானில் எண்ணைத் தவறாக அடித்துவிட்டோமா என்று சோதிக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4

முதிர்வுத் தொகை சரியாக வந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணை வைத்துத் திட்டமிடும் முன் அதிலிருந்து போக வேண்டியவை சில உண்டு. எல்லாவற்றுக்கும் 1,00,000, 8 சதவீதம், 10 ஆண்டு, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி என்றே எடுத்துக்கொள்கிறேன், அதாவது 2,15,892.

கட்டணம். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இருப்பில் 1 சதவீதம் கட்டணமாக எடுத்தால், ஆண்டு வளர்ச்சி 1.08 × 0.99 = 1.0692. பத்தாண்டில் 1,95,249. வெறும் 1 சதவீதம்தானே என்று தோன்றும், 20,643 போய்விட்டது. அந்த ஆண்டு சேர்ந்த வட்டியின் மீதும் கட்டணம் எடுப்பதால், 8-லிருந்து 1-ஐக் கழித்து 7 என்று போடுவதைவிடவும் இது குறைவு (7 சதவீதத்துக்கு 1,96,715).

வரி. வட்டியில் 10 சதவீதம் வரி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் பிடித்தால் விகிதம் 7.2 ஆகிவிடும், முதிர்வு 2,00,423. கடைசியில் மொத்தமாகப் பிடித்தால் 2,04,303. வரி விகிதம் ஒன்றுதான், பிடிக்கும் நேரம் மட்டுமே வேறு. பிடித்த வரி அதன் பிறகு உங்களுக்காக வட்டி ஈட்டாது.

பணவீக்கம் 5 சதவீதம் என்றால், 8-லிருந்து 5-ஐக் கழித்து 3 என்று சொல்வது தோராயம்தான். சரியானது 1.08/1.05 − 1 = 2.857 சதவீதம். இன்றைய மதிப்பில் 1,32,539. கழித்துப் போட்டால் 1,34,392 என்று ஏமாற்றும். மாதத் தவணை இருக்கும்போது இதில் இன்னும் கவனம் தேவை: முழு முதிர்வுத் தொகையைப் பெயரளவு விகிதத்தில் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் 1.05^10-ஆல், அதாவது 1.6289-ஆல் வகுத்துவிடுங்கள். நடுவில் கலந்தால் தவணையும் பணவீக்கத்தோடு ஏறுவதாக ஆகிவிடும்.

நிலையான வட்டி இல்லாத முதலீட்டுக்கு இந்தச் சூத்திரத்தில் சராசரி வளர்ச்சியை வைக்கக் கூடாது. ஓர் ஆண்டு 30 சதவீதம் ஏறி, அடுத்த ஆண்டு 20 சதவீதம் இறங்கினால் சராசரி 5 சதவீதம் என்று தோன்றும். 1.3 × 0.8 = 1.04, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்தே 4 சதவீதம்தான், ஆண்டுக்கு 1.98. பெருக்குச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் தவணைப் பகுதிக்கு அது தோராயம்தான், ஏனென்றால் ஏற்ற இறக்கம் எந்த வரிசையில் வருகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். மொத்தத் தொகைக்கு வரிசை பொருட்டல்ல.

கேள்வி கேட்டவர்

மிகத் தெளிவாக இருக்கிறது. இரண்டு கேள்விகள் பாக்கி. 10 ஆண்டு 2 மாதம் கழித்து எடுத்தால் அந்த 2 மாதத்தை எப்படிக் கணக்கிடுவது? 10,00,000 இலக்கு என்றால் மாதம் எவ்வளவு போட வேண்டும் என்று திருப்பிப் போட முடியுமா? ஆண்டுக்கு ஆண்டு தவணையைக் கூட்டிக்கொண்டே போகவும் எண்ணம் இருக்கிறது.

பதில் 3

மிச்ச மாதங்களுக்கு இரண்டு வழக்கம் உண்டு. காலாண்டு வட்டியில் 1,00,000 பத்தாண்டில் 2,20,803.97 ஆகிறது. மேலே 2 மாதத்துக்குத் தனி வட்டி என்றால் 0.08 × 2/12-ஐச் சேர்த்து 2,23,748.02. பின்ன அடுக்காக, அதாவது 1.02-இன் 2/3-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2,23,738.29. ஒரு முழு வட்டிக்காலத்துக்குக் குறைவான காலத்தில் தனி வட்டிதான் சற்றுக் கூடுதலாகத் தரும். பலர் நேர்மாறாக நினைப்பார்கள். நாள் கணக்கு வைக்கும் இடங்களில் ஆண்டுக்கு 365 நாளா 360 நாளா என்றும் கேளுங்கள். 360 என்றால் 365 நாளுக்கு 8 சதவீதம் 8.11 ஆகிவிடும்.

இலக்குக் கணக்கு எளிது. மாத வட்டி, தொடக்கத் தவணை என்று வைத்துப் போடுகிறேன். இலக்கிலிருந்து மொத்தத் தொகையின் முதிர்வைக் கழியுங்கள்: 10,00,000 − 2,21,964 = 7,78,036. மாதம் 1 வீதம் போட்டால் என்ன வருமோ அதனால் வகுங்கள், 182.946 × 1.0066667 = 184.1657. விடை 4,224.65. மேல்நோக்கிச் சுற்றி 4,225. விரிதாளில் இதற்கு பிஎம்டி (PMT) என்ற செயல்பாடு இருக்கிறது. அதில் மொத்தத் தொகைக்குக் கழித்தல் குறி, இலக்குக்குக் கூட்டல் குறி.

தவணையை ஆண்டுதோறும் 5 சதவீதம் கூட்டுவதானால், முதலில் ஓர் ஆண்டின் 12 தவணைகளும் அந்த ஆண்டு முடிவில் என்ன ஆகின்றன என்று பாருங்கள்: 2,000 வீதம் 25,065.85. பிறகு

25,065.85 × (1.083^10 − 1.05^10) / (0.083 − 0.05)

இதில் 0.083 என்பது பயனுறு ஆண்டு விகிதம், துல்லியமாக 0.0829995. விடை சுமார் 4,48,720. கூட்டாமல் போட்டிருந்தால் 3,68,331. ஆனால் இந்த 80,000 சொச்சம் முழுவதும் வட்டியால் வந்ததல்ல. தவணை கூடியதால் போட்ட பணமே 2,40,000-லிருந்து 3,01,869 ஆகியிருக்கிறது. பயனுறு விகிதமும் தவணை கூடும் விகிதமும் சரிசமமாக அமைந்தால் கீழே பூச்சியம் வந்து சூத்திரம் நின்றுவிடும். அப்போது முதலாண்டு முடிவின் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையாலும், (1 + விகிதம்)-இன் ஓர் அடுக்கு குறைந்த எண்ணாலும் பெருக்க வேண்டும். 10 ஆண்டு என்றால் 9-ஆம் அடுக்கு.